கோப்பு கற்றுத்தந்த சட்டம்: திருகோணமலைச் சட்டத்தரணிகளும் குடும்பக் குடிவரவுச் சட்டமும், 1948 முதல் இன்றுவரை

சத்தியப்பிரமாணம் செய்து பெயர் பதிந்த பிறகு இலங்கையில் ஒரு சட்டத்தரணி மேற்கொண்டு படித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் சட்டத்தரணிகளைச் சேர்ப்பதையும் இடைநிறுத்துவதையும் பெயர் நீக்குவதையும் பேசுகிறது. சேர்ந்தவர் தம் அறிவைப் புதுப்பிப்பதைப் பற்றி மௌனமாக இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1975 இலேயே தொடர் சட்டக் கல்வியைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் ஆண்டுக்கு 16 மணிநேரம் படித்ததாகக் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. 2016 இல் அந்த மணிக்கணக்கைக் கைவிட்டார்கள். இலங்கையில் சட்டத்தரணிகள் சங்கம் கருத்தரங்குகளை நடத்துகிறது. வருவதும் வராததும் அவரவர் விருப்பம்.

ஆனாலும் திருகோணமலை மாவட்டத்தில் கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளாக, குடும்பமும் குடிவரவும் சந்திக்கும் இடத்தில் ஒரு தொடர் கல்வி நடந்துதான் வந்திருக்கிறது. அதன் பாடத்திட்டத்தை வகுத்தது சட்டக் கல்லூரி அன்று, இடப்பெயர்வு. பாடநூலாக இருந்தது கட்சிக்காரர் நெகிழிப் பையில் சுற்றிக் கொண்டுவரும் பத்திரக் கட்டு. இக்கல்வி எப்படி வளர்ந்தது, எங்கே பிந்திப்போனது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு கட்டமைப்பு உண்மை. குடிவரவுக் கட்டுப்பாட்டாளரின் முடிவை எதிர்த்து எழுத்தாணை கோருவதானால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அடிப்படை உரிமை மனுவானால் உயர் நீதிமன்றம். அதுவும் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள். மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண விடயங்களோடு நின்றுவிடுகிறது. ஆகவே குடியுரிமைச் சட்டம் வாதிடப்பட்டது கொழும்பில். அந்த வாதத்துக்கு வேண்டிய பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்கள் தயாரானது திருகோணமலையில். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு பிரிவையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியபோதும் இந்தப் பிரிவினை மாறவில்லை. சத்தியக் கடதாசி எழுதுவதும் நொத்தாரிசு வேலையும் துறைமுக நகரத்தின் பங்காகவே தொடர்ந்தன. இதைச் சிறிய வேலை என்று நினைப்பவர், குடும்பக் குடிவரவு விடயங்களில் எத்தனை விண்ணப்பங்கள் பத்திரக் குறையால் மட்டும் விழுகின்றன என்பதைப் பார்த்திராதவர்.

தந்தைவழி நாட்கள்

1948 நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் (1948 இன் 18 ஆம் இலக்கம்) குடியுரிமையைத் தந்தையின் வழியில் கட்டியது. அந்தத் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர், தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும். 1867 இல்தான் பிறப்புப் பதிவு முறை தொடங்கிய நாட்டில் பூட்டனின் பிறப்பை எந்தக் காகிதத்தால் காட்டுவது? சட்டத்தின் 6 ஆம் பிரிவு, ஐயம் உள்ளவர்களுக்கு அமைச்சர் சான்றிதழ் வழங்கலாம் என்றது. அந்தச் சிறிய வாசல் பின்னாளில் பலருக்குப் பெரிய வாசலாயிற்று.

திருகோணமலைக்கு இச்சட்டம் தோட்டப் பிரதேசத்துக்குத் தெரிந்ததைப் போலத் தெரியவில்லை. இங்கே கேள்வி எழுந்தது கடற்படைத் தளத்தையொட்டி. பிரித்தானியக் கடற்படையின் தளத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் தொழில் செய்தார்கள். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிய பின்னும் தங்கியவர்கள் உண்டு. அவர்களுக்குத் திறந்திருந்த வழி 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (குடியுரிமை) சட்டம். 1946 சனவரி 1 க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இங்கே வசித்திருக்க வேண்டும். விண்ணப்பக் காலம் 1951 ஆகஸ்ட் 5 உடன் முடிந்தது.

இந்தச் சட்டத்தை நான் இத்துறையின் முதல் பாடநூல் என்பேன். காரணம், அது தொழிலாளியோடு நிற்கவில்லை. அவன் மனைவியும் சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே வசித்திருக்க வேண்டும் என்று குடும்பத்தையும் உள்ளே இழுத்தது. ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்தது. ஊரில் பிள்ளை பெற்று, தாயின் நோயும் போர்க்காலக் கப்பல் தடையுமாகத் தாமதித்துத் திரும்பிய பெண்ணுடைய பயணம் அவள் கணவனின் குடியுரிமையைக் குலைக்கக்கூடியதாக இருந்தது. நாடு முழுவதும் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியவை. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. மறுக்கப்பட்டவர்களின் மேன்முறையீடுகள் ஐம்பதுகளின் நியூ லோ ரிப்போர்ட்ஸ் தொகுதிகளில் நிரம்பிக் கிடக்கின்றன. வதிவு என்றால் என்ன, குடும்பத்தின் வதிவை எவ்வாறு நிரூபிப்பது என்பவற்றை ஒரு தலைமுறைச் சட்டத்தரணிகள் அந்தத் தீர்ப்புகளை வாசித்தே கற்றார்கள். கோடகன் பிள்ளை வழக்கில் 1953 இல் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைச் செல்லுமென்று ஏற்றுக்கொண்ட பிறகு, அரசியலமைப்பு வாதத்துக்கு இடம் சுருங்கியது. பத்திர வேலைக்கே மதிப்பு ஏறியது.

1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. வேலை இழந்த இந்திய வம்சாவளியினர் சிலர் திரும்பினர், சிலர் தங்கினர். 1964 ஒக்டோபர் 30 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்குபோட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் பாதிக்குப் பாதி. ஒப்பந்தத்தைப் பற்றி எழுதப்பட்டது நிறைய, இங்கே விரிக்கவில்லை.

இரு கரைக் குடும்பங்கள்

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கேள்வி தலைகீழாயிற்று. அதுவரை இந்தியாவிலிருந்து வந்தவர் இலங்கையராக முடியுமா என்று கேட்ட சட்டத்தரணி, இனி இந்தியாவுக்குப் போன இலங்கையரின் பிள்ளை யார் என்று கேட்கவேண்டி வந்தது. எண்பதுகளிலும் 1990 இலும் திருகோணமலை மாவட்டத்திலிருந்து குடும்பங்கள் படகேறி இராமேஸ்வரம் சென்று, மண்டபம் முகாமில் பதிந்து, தமிழகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் பரவின. 2006 இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது மறுபடியும் ஓர் அலை.

முகாமில் பிறந்த பிள்ளை இலங்கையின் வம்சாவளிக் குடியுரிமைக்கு உரியது. ஆனால் வெளிநாட்டில் பிறந்ததால், குடியுரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவின்படி பிறப்பு ஓராண்டுக்குள் தூதரக அலுவலகத்திலோ அமைச்சிலோ பதியப்பட வேண்டும். நல்ல காரணம் காட்டினால் அமைச்சர் காலத்தை நீட்டலாம். சென்னையிலுள்ள துணை உயர் ஸ்தானிகராலயம் முகாமிலிருந்து தொலைவு; முகாமைவிட்டு வெளியே போக அனுமதி வேண்டும்; கையில் காசில்லை. பதிவு தவறிய பிள்ளைகள் பெருகினர். இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்த முக்கியமான அமைப்பு 1984 இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். பிறப்புப் பதிவை ஓர் அரசியல் கோரிக்கையாக அன்றி நாடு திரும்புவதற்கான முன்னேற்பாடாக அது நடத்தியது. சட்டம் படித்தவர்களைவிட முகாம்வாசிகளான பயிற்சி பெற்ற தொண்டர்களே படிவங்களை நிரப்பினார்கள் என்பதை நம் சட்டத்தொழில் கொஞ்சம் கூச்சத்தோடு ஏற்கத்தான் வேண்டும்.

திரும்பி வந்த குடும்பம் குச்சவெளியிலோ தம்பலகாமத்திலோ கிராம உத்தியோகத்தரிடம் போய் நிற்கும்போது சட்டத்தரணியின் பாடம் தொடங்குகிறது. தமிழகப் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்கு முன் ஒரு தலையெழுத்து; இலங்கைப் பத்திரத்தில் பாட்டனின் முழுப்பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டிலும் வேறு. கோயிலில் தாலி கட்டிய திருமணம் எங்கும் பதியப்படவில்லை. பெற்றோரின் சொந்தப் பிறப்புப் பதிவு போரில் எரிந்த ஏட்டில் இருந்திருக்கலாம். ‘இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்ற சத்தியக் கடதாசி, 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழான காலங்கடந்த பதிவு, உத்தேச வயதுச் சான்றிதழ், திருமணத்தை நிலைநாட்டும் சாட்சியம் என்று நான்கைந்து சட்டங்களை ஒரே பிள்ளைக்காகக் கோக்கவேண்டும். கனிஷ்ட சட்டத்தரணி இதைக் கற்றது தம் சீனியரின் பழைய பிரதிகளைப் பார்த்து எழுதித்தான். நல்ல பிரதி நல்ல பழக்கத்தைக் கடத்தியது. பிழையான பிரதியும் அதேபோலத் தலைமுறை தாண்டியது.

2003 ஆம் ஆண்டு இரு மாற்றங்களைக் கொண்டுவந்தது. 16 ஆம் இலக்கச் சட்டம் ‘தந்தை’ இருந்த இடத்தில் பெற்றோரில் ஒருவர் என்ற நிலையை ஏற்படுத்தி, மணமான தாயும் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க வழிசெய்தது. அதுவரை, தமிழகத்துக்காரரையோ நாடற்ற மலையகத்தவரையோ முறையாக மணந்த நிலாவெளிப் பெண்ணின் பிள்ளைக்கு இலங்கை உரிமை இல்லை. அவள் மணமாகாமல் பெற்றிருந்தால் உண்டு. திருமணத்தை நிரூபித்தால் பிள்ளைக்குப் பாதகம் என்ற இந்த முரண் ஐம்பத்தைந்து ஆண்டு நீடித்தது. அதே ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை தந்தது. வன்செயல்களால் மலையகத்திலிருந்து கிழக்குக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது விடிவு. ஆனால் அதே வன்செயலால் இந்தியாவுக்கு ஓடியவர்களின் நிரந்தர வசிப்பு முறிந்திருந்தது. 2009 இன் திருத்தம்தான் அந்த இல்லாமையை மன்னித்தது. ஆறு ஆண்டு இடைவெளி.

இல்லாதவரும் வெளியே உள்ளவரும்

2004 டிசம்பர் சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் புரட்டியபின் இறந்தவருக்கு உடலில்லாமல் மரணப் பதிவு செய்வதை 2005 ஆம் ஆண்டின் சட்டங்கள் இயலச்செய்தன. போரில் காணாமற்போனோருக்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம் மரண அத்தாட்சி ஏற்க மறுக்கும் குடும்பங்களுக்குக் காணாமற்போனமைச் சான்றிதழைக் கொடுத்தது. குடிவரவோடு இதற்கென்ன தொடர்பு? கனடாவிலுள்ள சகோதரன் தன் தங்கையையும் பிள்ளைகளையும் அழைக்க முயலும்போது, பிள்ளைகளின் தந்தை சம்மதம் தரவேண்டும், அல்லது அவர் இல்லை என்று காட்டவேண்டும். மரண அத்தாட்சி எடுத்தால் தேடலைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற அச்சம் மனைவிக்கு. காணாமற்போனமைச் சான்றிதழை வெளிநாட்டு அதிகாரி ஏற்பாரா என்ற சந்தேகம் சட்டத்தரணிக்கு. பிள்ளைப் பராமரிப்புக் கட்டளையை மாவட்ட நீதிமன்றத்தில் பெற்று இணைப்பது ஒரு வழி. இவ்வாறான இடங்களில்தான் குடும்பச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பது தெரியவருகிறது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, பதியாமை ஒன்றே திருமணத்தைச் செல்லாததாக்காது என்கிறது. ஊரில் செல்லும் அந்த நிக்காஹ், வளைகுடா நாட்டுக்கு மனைவியை அழைக்கும் விசாவுக்குச் செல்லாது. அங்கே கேட்பது பத்திரத்தை.

சட்டம் வர்த்தமானியில் மாறுவதைக் கவனிக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. சுற்றறிக்கையில் மாறினால்? 2021 ஒக்டோபரில் பதிவாளர் நாயகம் விடுத்த சுற்றறிக்கை, 2022 சனவரி 1 முதல் வெளிநாட்டவர் இலங்கையரை மணப்பதானால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. புலம்பெயர்ந்து வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழ் மாப்பிள்ளையும் இதில் வெளிநாட்டவரே. திருமண மண்டபம் பதிந்து, அழைப்பிதழ் அடித்த பிறகு பதிவாளரின் மேசையில் அதைத் தெரிந்துகொள்ளும் நிலை குடும்பங்களுக்கு வந்தது. சட்டத்தரணியும் அவர்களோடு சேர்ந்தேதான் தெரிந்துகொண்டார் என்றால், கருத்தரங்கைவிட வாராந்தரச் சுற்றறிக்கைத் தொகுப்பே இங்கு அவசரம் என்று தோன்றுகிறது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சட்ட உதவி ஆணைக்குழு (1978 இன் 27 ஆம் இலக்கச் சட்டம்), நோர்வே அகதிகள் பேரவை போன்றவை கிழக்கில் ஆவண ஆலோசனை வழங்கின. நடமாடும் சேவைகளில் பதிவாளர், கிராம உத்தியோகத்தர், சட்டத்தரணி மூவரும் ஒரே பள்ளிக்கூட மண்டபத்தில் அமர்ந்தார்கள். என் மதிப்பீட்டில், இம்மாவட்டத்தில் நடந்த மிகச் சிறந்த தொடர் சட்டக் கல்வி அதுவே. சட்டத்தரணி தம் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிராகரிக்கப்படுகிறது என்பதை நிராகரிப்பவர் வாயாலேயே கேட்டார். நன்கொடைத் திட்டங்கள் முடிந்தபோது அந்த மேசையும் போயிற்று.

எதிர்க்கரைச் சட்டம் இன்னும் இங்கே படிக்கப்படவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 சனவரி 26 முதல் 1987 யூலை 1 க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியர். 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். அவர் தம்பி 1988 இல் பிறந்திருந்தால் அந்த வழி கிடையாது. ஒரே குடும்பத்தில் அக்கா இந்தியர், தம்பி இலங்கைப் பதிவுக்குக் காத்திருப்பவர். 2025 மே மாதம், அகதியாகச் சென்று ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவர் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போன குற்றச்சாட்டில் பலாலி விமான நிலையத்தில் கைதானார். 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் படகேறி உயிர்தப்பியவரையும் மற்றவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் இந்தியா, 2015 சனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது.

ஆகவே மண்டபத்தில் இருக்கும் தந்தை திரும்பலாமா என்று அன்புவழிபுரத்திலிருந்து ஒரு மகள் கேட்டால், பதில் சொல்பவர் அந்த விலக்களிப்பு ஆணையையும் இலங்கைக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தின் 45 ஆம் பிரிவையும் குடியுரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவிலுள்ள பதிவுக் காலத்தையும் ஒருங்கே வாசித்திருக்க வேண்டும். முதலாவது இலங்கை வர்த்தமானியில் வராது. அதை இங்கே வரவழைத்து, தமிழில் தொகுத்து, மூதூர் நீதவான் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் கனிஷ்டரின் கைக்கும் சேர்ப்பது சட்டத்தரணிகள் சங்கத்தின் திருகோணமலைக் கிளையாலேயே செய்யக்கூடிய காரியம். கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை.