வழக்கில் துணைக்கு வருபவர் யார்?

சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் கொலை வழக்குகளைக் காணலாம். வேட்டையில் குறி தவறிய அம்போ, சண்டையில் விழுந்த அடியோ ஓர் உயிரைக் குடித்துவிட்டால், ஊரார் கூடி விசாரிப்பார்கள். கொன்றவன் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் என்று தீர்ப்பாகும். ஒரு விளக்குக்கு நெய் வழங்கப் பொதுவாக 96 ஆடுகள். 'சாவா மூவாப் பேராடு' என்பது அவற்றுக்குக் கல்வெட்டு தரும் பெயர். இறந்தவன் பெயரால் விளக்கு எரிந்தது. அவன் மனைவி மக்களைப் பற்றி இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

ஆங்கிலேயர் வகுத்த முறையிலும் இந்த மௌனம் தொடர்ந்தது. குற்றம் அரசுக்கு எதிரானது. வழக்கை நடத்துவது அரசு. அபராதம் பெரும்பாலும் சேர்வது கருவூலத்தில். அடிபட்டவர் அரசுத் தரப்புச் சாட்சி, அவ்வளவுதான்.

அதன் விலையை நம் வட்டாரம் அறியும். பாபநாசத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கும்பகோணத்தில், 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சாட்சி விசாரணை தொடங்கியது 2012-இல். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஜூலை 30-இல். 2017-இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தது, சிலரை விடுவித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பத்தாண்டுகள் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். இழப்பீட்டுக்காக அவர்கள் தனியே இன்னொரு போராட்டமும் நடத்த வேண்டியிருந்தது.

சட்டம் அசைந்தது 2009-இன் கடைசி நாளில்தான். அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு மாநிலமும் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையும் அப்போதுதான் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது. தமிழ்நாடு தன் திட்டத்தை 2013-இல் அறிவித்தது. குற்ற நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் போலீசார் 90 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

ஏட்டில் இவ்வளவு உண்டு. ஒரு வாய்தா நாளில் கீழமை நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். நடவுக் கூலியை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்த பெண் தூணோரம் ஒதுங்கி நிற்கிறாள். அவளை அடித்தவனும் அவன் உறவினர்களும் நான்கடி தள்ளி நிற்கிறார்கள். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை யாரும் அவளிடம் பேசுவதில்லை. உள்ளே போய் வந்ததும் கோர்ட் காவலர் அடுத்த தேதியைச் சொல்கிறார். ஏன் தள்ளிப்போனது என்று அவளுக்குத் தெரியாது, கேட்க யாருமில்லை. இப்படி நான்கு வாய்தா கழிந்தால் 'சமாதானமாப் போயிடும்மா' என்கிற குரல் நியாயமாகவே ஒலிக்கத் தொடங்கும். சாட்சிகள் பிறழ்வது பல வழக்குகளில் இந்தத் தாழ்வாரத்தில்தான் ஆரம்பமாகிறது என்பது என் துணிபு.

மருந்து சட்டத்திலேயே இருக்கிறது, எல்லோருக்கும் எட்டவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ விதிகள், 2020-இன்படி குழந்தைகள் நலக் குழு ஒரு 'துணை நபரை' நியமிக்கலாம். அவர் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் வருவார். வழக்கின் போக்கை வீட்டாருக்கு விளங்கச் சொல்வார். இந்த ஏற்பாடு பெயரளவில் நின்றுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவுகள் பிறப்பித்தது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடப்பிலுள்ள 15ஏ பிரிவு, பயணச் செலவு, படி, ஜாமீன் மனு பற்றிய முன்னறிவிப்பு, கருத்துச் சொல்லும் உரிமை எல்லாம் தருகிறது. தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணிப் படுகொலை நடந்த மண்ணில் இந்தப் பிரிவின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 17 வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கும் துணை, 18 முடிந்த பின் அதே கொடுமைக்கு ஆளானவளுக்குச் சட்டப்படி உறுதியில்லை. கணவனைக் கொலையில் இழந்தவளுக்கும் அப்படியே. ஜெர்மனி 2017 முதல் கொடுங்குற்றங்களுக்கு ஆளானோருக்குப் பயிற்சி பெற்ற துணையாளரைச் சட்டத்தின் வழியே தருகிறது. குற்ற நடைமுறை நம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால், மாநிலச் சட்டமன்றமே இப்படியொரு சட்டம் இயற்ற இடமுண்டு.

அந்தச் சட்டத்தில் மூன்று ஏற்பாடுகளாவது இருக்க வேண்டும்: கொடுங்குற்ற வழக்குகள் அனைத்திலும் துணை நபர், வந்துபோகும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் படி, நீதிமன்றத்தில் காத்திருக்கத் தனி அறை. அதுவரை வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. இம்மலரைப் படிக்கும் பாபநாசம் வட்டாரத்து வழக்கறிஞர்கள், ஆளுக்கொரு வழக்கில் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நின்று, அடுத்த வாய்தா எதற்கென்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.