வூஃப்: இயற்கைப் பண்ணைத் தன்னார்வப் பணி

இயற்கை வேளாண் பண்ணையில் நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் உழைத்து, அதற்கு ஈடாக உணவும் தங்குமிடமும் பயிர்த்தொழில் அறிவும் பெறும் பயண முறை. கூலி கிடையாது, வாடகையும் கிடையாது. பெரும்பாலும் பண்ணையார் குடும்பத்தோடு ஒரே மேசையில் சாப்பாடு. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய இம்முறை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது.

இதைத் தொடங்கியவர் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பார்ட். கிராமத்தில் சில நாள் இருந்துவர ஆசைப்பட்டும், போய்த் தங்க அங்கே உற்றார் உறவினர் இல்லாத நகரவாசிகள் பலருள் அவரும் ஒருவர். சசெக்ஸ் வட்டாரத்து ஃபாரஸ்ட் ரோ என்ற ஊரில் உள்ள எமர்சன் கல்லூரியின் பண்ணை, தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் வகுத்த உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக்) என்னும் இயற்கை முறையைப் பின்பற்றி வந்தது. வார இறுதியில் வந்து வேலை செய்துதர அங்கே அனுமதி கிடைத்தது. 1971 இலையுதிர் காலத்தில் முதன்முதலாகப் போனவர்கள் நான்கே பேர். முள்புதர் வெட்டுவது, வடிகால் தூர்வாருவது என்று பண்ணையில் தள்ளிப்போட்டு வந்த வேலைகளே அவர்களுக்கு வந்தன. அவர்கள் வேலை பண்ணைக்குப் பிடித்துப்போகவே மீண்டும் அழைப்பு வந்தது. ‘இயற்கைப் பண்ணைகளில் வார இறுதி வேலை’ என்பதே அமைப்பின் முதல் பெயர்; அதன் ஆங்கில முதலெழுத்துகளே வூஃப்.

இந்த ஏற்பாடு இயற்கைப் பண்ணைகளில் வேர்பிடித்ததற்குக் காரணம் களை. களைக்கொல்லி தெளிக்கும் வயலில் ஓர் ஆள் அரை நாளில் முடிப்பதை, தெளிக்காத வயலில் பல கைகள் பல நாள் செய்ய வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் டிராக்டரும் இரசாயனமும் வந்ததால் பண்ணையாட்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். இரசாயனத்தை மறுத்த சிறு பண்ணைகள் ஆளில்லாமல் தவித்தன. நகரத்துக் கைகள் அங்கே தேவைப்பட்டன.

கேரட் பாத்தியில் அரை மணி நேரம் மண்டியிட்டுப் பார்த்தவருக்கு இது புரியும். விதை முளைக்கவே இரண்டு, மூன்று வாரம் ஆகிறது. நூல்போல எழும் நாற்றைக் களை அதற்குள் முந்திவிடுகிறது. இலையின் வெட்டைப் பார்த்து இனம் பிரித்து, நாற்றின் அடி மண்ணை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறு கையால் களையைப் பிடுங்க வேண்டும். நாள் கடத்தினால் களையின் வேரோடு கேரட்டும் சேர்ந்து வந்துவிடும்.

தன்னார்வலர் செய்யும் இன்னொரு வேலையான எருக்குழி வேலைக்கு இந்தியத் தொடர்பு உண்டு. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவார்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, இந்திய உழவர் வழக்கங்களைக் கவனித்து மட்கு உரம் தயாரிக்கும் முறையொன்றை உருவாக்கினார். பயிர்க்கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, இடையிடையே புரட்டிவிட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் உரம் தயார். அவருடைய எழுத்துகளால் ஈர்க்கப்பட்ட ஈவ் பால்ஃபர் முதலியோர் 1946இல் பிரிட்டனில் மண் சங்கத்தை (சாயில் அசோசியேஷன்) நிறுவினர். ஐரோப்பியப் பண்ணையில் இன்று கவைக்கோல் பிடித்து மட்கைப் புரட்டும் இளைஞர், இந்தூர் உழவர்களுக்கும் கடன்பட்டவர்.

நியூசிலாந்தில் 1974இலும், ஆஸ்திரேலியாவில் 1981இலும், ஜப்பானில் 1994இலும் இம்முறை தொடங்கியது. இணையம் வரும்வரை பண்ணை முகவரிகள் அச்சிட்ட சிறு புத்தகமாகவே உறுப்பினருக்குக் கிடைத்தன. கடிதம் எழுதி, பதில் வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டியிருந்தது. நாட்டுக்கு நாடு அமைப்பு தனித்தனி. உறுப்பினர் கட்டணமும் பட்டியலும் அப்படியே. 2000இல் பிரிட்டனில் இந்நாட்டு அமைப்புகள் முதல் சர்வதேச மாநாட்டில் ஒன்றுகூடின.

வார இறுதி நாள்கள் வாரங்களாக நீண்டதும், பெயர் ‘விருப்பத் தொழிலாளர்’ என்று மாறியது. அதுவே வம்பாயிற்று. தொழிலாளர் என்றால் வேலை விசா எங்கே என்று குடிவரவு அதிகாரிகள் கேட்டார்கள். அதனால்தான் ‘உலகளாவிய வாய்ப்புகள்’ என்னும் இன்றைய பெயர் வந்தது. பெயர் மாறினாலும் சிக்கல் தீரவில்லை. உணவுக்கும் தங்குமிடத்துக்கும் ஈடாகச் செய்யும் வேலையை வேலை என்றே கொள்ளும் நாடுகள் உண்டு. சுற்றுலா விசாவில் போய் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

சிக்கல் முற்றியது ஆஸ்திரேலியாவில். பெருநகரங்களுக்கு அப்பாலுள்ள வட்டாரங்களில் மூன்று மாதம், அதாவது 88 நாள், வேலை செய்த வெளிநாட்டு இளைஞருக்கு இரண்டாம் ஆண்டு விசா தரும் திட்டம் 2005இல் அங்கே வந்தது. கூலியில்லாத் தன்னார்வப் பணியும் அதில் கணக்கில் சேர்ந்தது. விசாவுக்குப் பண்ணையாரின் கையொப்பம் வேண்டும் என்ற நிலையில், மறுப்புச் சொல்ல முடியாமல் நாள் முழுக்க உழைத்தவர்கள் இருந்தார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் எப்போது வேண்டுமானாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்பதே இம்முறையின் உயிர். அது போய்விட்டால் எஞ்சுவது இலவச உழைப்பு. 2015இல், கூலி பெற்ற வேலை மட்டுமே கணக்கு என்று ஆஸ்திரேலிய அரசு விதியை மாற்றியது. நல்ல பண்ணைகள் சில ஆளிழந்து வருந்தின. ஆனாலும் அது நியாயமான முடிவே.

அங்கே போய் வேலை செய்ய இந்தியருக்கும் இப்போது வழி உண்டு: இந்தியக் கடவுச்சீட்டு உள்ள 18 முதல் 30 வயது வரையிலானோருக்கு ஆஸ்திரேலியா 2024 முதல் ஆண்டுக்கு 1000 ‘வேலையும் விடுமுறையும்’ விசாக்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. வெளிநாட்டுத் தன்னார்வலரை வரவேற்கும் பண்ணைகள் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. தமிழகத்தில், வூஃபைச் சாராமல் 2003இல் ஆரோவில்லில் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட்டில், பல நாட்டினர் வரப்பெடுத்து மழைநீரைத் தேக்கி, வறண்ட செம்மண்ணில் இந்நிலத்துக்கே உரிய மரங்களை வளர்க்கிறார்கள்.