சங்கு எப்போது ஊதும்?

பொதுவாக ஓட்டப் பந்தயம் என்றால் இத்தனை மணிக்குத் தொடங்கும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். ஓடப் போகிறவர் அதற்கேற்ப இரவு சாப்பிடுவார், அலாரம் வைத்துப் படுப்பார், காலையில் ஷூ லேஸை நாலு முறை அவிழ்த்துக் கட்டுவார், அஞ்சு முறை பாத்ரூம் போய் வருவார். பயம் இருக்கும். ஆனால் அந்தப் பயம் எத்தனை மணிக்கு முடியும் என்பதும் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடக்கும் பார்க்லி மாரத்தான்ஸ் என்ற மலைக்காட்டு ஓட்டத்தில் அந்த ஒரு ஆறுதலும் கிடையாது. நள்ளிரவு 12 மணியிலிருந்து பகல் 12 மணிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் ஓட்டம் தொடங்கும். எப்போது என்று யாருக்கும் தெரியாது, நடத்துபவர் ஒருவரைத் தவிர! அவர் ஒரு சங்கை எடுத்து ஊதுவார். ஊதியதிலிருந்து சரியாக ஒரு மணி நேரம். அதற்குள் எழுந்து, சாப்பிட்டு, காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டி, பையைக் கட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் கேட்டின் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தால் ஓட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். துப்பாக்கிச் சத்தம், கொடியசைப்பு எதுவும் இல்லை.

நம் ஊரில் யாருக்காவது "சங்கு ஊதிட்டாங்க" என்றால் என்ன அர்த்தமோ, அது இந்த ஓட்டத்துக்கும் கிட்டத்தட்ட பொருந்தும். ஓடியவர் தோற்றுத் திரும்பினால், ராணுவத்தில் இறுதிச் சடங்கின்போது வாசிக்கும் மெட்டை பியூகிளில் வாசித்துத்தான் அனுப்பி வைக்கிறார்கள்.

இந்த ஓட்டம் பிறந்த கதையே வினோதமானது. மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஜேம்ஸ் ஏர்ல் ரே, டென்னசியின் பிரஷி மவுண்டன் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1977 ஜூன் 10-ம் தேதி அவர் சில கைதிகளோடு சுவரேறித் தப்பினார். சிறையைச் சுற்றிலும் செங்குத்தான மலை, முள் புதர், கண்ணுக்கெட்டிய வரை காடு. இரண்டு நாளுக்கும் மேல், ஏறத்தாழ 54 மணி நேரம் அலைந்து திரிந்தும் சில மைல்களைத்தான் கடக்க முடிந்தது. மோப்ப நாய்கள் அவரைக் கண்டுபிடித்தபோது இலைச் சருகுகளுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தார்.

இந்தச் செய்தியைக் கேட்ட கேரி கேன்ட்ரெல் என்ற நெடுந்தூர ஓட்டக்காரர், "இத்தனை நேரத்தில் நானாக இருந்தால் 100 மைல் போயிருப்பேனே" என்ற ரீதியில் கேலி பேசினாராம். கேலி பேசுகிறவர்கள் நிறைய பேர் உண்டு, அதையே பந்தயமாக ஆக்கியவர் இவர் ஒருவர்தான். நண்பர் கார்ல் ஹென்னுடன் சேர்ந்து 1986-ல் அதே மலைப்பகுதியில், ஃப்ரோசன் ஹெட் பூங்காவில், முதல் ஓட்டத்தை நடத்தினார். பாரி பார்க்லி என்ற இன்னொரு நண்பரின் பெயரை அதற்கு வைத்தார். லாசரஸ் லேக் என்ற புனைபெயரில்தான் கேன்ட்ரெலை ஓட்ட உலகம் அறியும். சுருக்கமாக லாஸ்.

ஆரம்பத்தில் தூரம் குறைவு. பிறகு 20 மைல் சுற்று ஐந்து, மொத்தம் 100 மைல், அதற்கு 60 மணி நேரம் என்று விதி வந்தது. ஒவ்வொரு சுற்றும் 20 மைலுக்கு மேலேயே இருக்கும் என்று ஓடியவர்கள் பலரும் புலம்புவதுண்டு. ஐந்து சுற்றிலும் ஏறும் உயரத்தைக் கூட்டினால் 60,000 அடி அளவில் வரும். எவரெஸ்டைக் கடல் மட்டத்திலிருந்து இரண்டு முறை ஏறுவதற்குச் சமம்! பாதையில் அடையாளம் கிடையாது, ஜிபிஎஸ் கூடாது. முகாமில் வைத்திருக்கும் ஒரே வரைபடத்தைப் பார்த்து அவரவர் கையால் வரைந்துகொள்ள வேண்டும். வழியில் ஆங்காங்கே புத்தகங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். தன் சட்டையில் உள்ள எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து காட்டினால்தான் சுற்று கணக்கில் சேரும். ரே இருந்த சிறைக்கு அடியில் போகும் சுரங்கக் கால்வாயும் பாதையில் சேர்க்கப்பட்டது. சிறை 2009-ல் மூடப்பட்டுவிட்டது. 100 மைல் ஓட்டத்தை முதன்முதலில் முடித்தவர் இங்கிலாந்தின் மார்க் வில்லியம்ஸ், 1995-ல், 59 மணி 28 நிமிடத்தில். அரை மணி நேரம்கூட மிச்சம் இருந்தது என்பதே ஆச்சரியம்தான்.

உடம்பைச் சோதிக்க இதெல்லாம் போதும். ஆனால் லாஸின் உண்மையான குறும்பு ஓட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விண்ணப்பிப்பது எப்படி என்று எங்கும் அறிவிப்பு கிடையாது. கட்டணம் 1 டாலர் 60 சென்ட். முதல் முறை வருபவர் தன் ஊர் வண்டியின் நம்பர் பிளேட் ஒன்றும் கொண்டு வர வேண்டும். தேர்வானவருக்கு வாழ்த்துக்குப் பதில் அனுதாபக் கடிதம் வரும்! ஒரு சுற்றுகூட முடிக்க மாட்டார் என்று லாஸ் நினைக்கும் ஒருவருக்கு, வேண்டுமென்றே, 1-ம் எண் சட்டையில் குத்தப்படும். அவருக்கு "நரபலி" என்று பட்டப்பெயர் வேறு. இத்தனைக்கும் பிறகு, கூடாரத்தில் படுத்துச் சங்குக்காகக் காத்திருக்கச் சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்?

பயம் வந்தால் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்கிறோம். அது வெறும் பேச்சுவழக்கு அல்ல. வால்டர் கேனன் என்பவர் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, 1890-களின் பிற்பகுதியில், அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்ரே கதிரைக் கொண்டு பூனைகளின் செரிமானத்தை ஆராய்ந்தார். உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்தால் வயிற்றின் அசைவு நிழலாகத் தெரியும். பூனை நிம்மதியாக இருந்தால் வயிறு அசைந்தது. கலவரமடைந்தால் அசைவு அப்படியே நின்றது. பந்தயத்தன்று காலையில் தோசை தொண்டைக்குக் கீழே இறங்காததன் காரணம் இதுதான். ஆபத்து என்று உடம்பு முடிவு செய்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், ரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் போகும், ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும்.

கேனனின் இன்னொரு கணக்கு இதைவிடச் சுவாரஸ்யமானது. 1913-ல் ஹார்வர்டு கால்பந்து அணியின் அந்தப் பருவக் கடைசி ஆட்டம் முடிந்ததும் 25 வீரர்களின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அதில் 5 பேர் மைதானத்துக்குள் காலே வைக்காத மாற்று வீரர்கள்! எந்த நேரமும் கூப்பிடலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கே உடம்பு முழு ஆட்டத்துக்கான எரிபொருளை எடுத்துக் கொடுத்துவிட்டது.

சங்குக்காகக் காத்திருப்பவர்கள் அந்த மாற்று வீரர்கள் மாதிரிதான். எந்த நேரமும் கூப்பிடலாம். 60 மணி நேரம் விழித்திருக்க வேண்டியவருக்கு முந்தைய இரவுத் தூக்கம் தங்கம் மாதிரி, அதைத்தான் லாஸ் முதலில் திருடுகிறார். அந்த வகையில் பார்க்லியின் முதல் ஏற்றம் மலையில் இல்லை, கூடாரத்துக்குள் இருக்கிறது. இதைக் கொடுமை என்றும் சொல்லலாம். ஆனால் தப்பி ஓடும் கைதிக்கும் நேரம் குறித்து யாரும் மணி அடிக்கவில்லையே!

முடிவு நேரம் மட்டும் துல்லியம். 2017-ல் கனடாவின் கேரி ராபின்ஸ் கடைசிச் சுற்றில் வழி தவறி, வேறு பக்கமாக ஓடி வந்து கேட்டைத் தொட்டபோது 60 மணிக்கு மேல் 6 விநாடி ஆகியிருந்தது. பாதையில் ஒரு பகுதி விட்டுப்போனதால் நேரத்துக்குள் வந்திருந்தாலும் செல்லாது என்பது வேறு விஷயம். அவர் 2018-ல் மறுபடி அதே கூடாரத்துக்கு வந்து சங்குக்காகக் காத்திருந்தார். அந்த வருடம் யாருமே முடிக்கவில்லை.

பெண்களால் இதை முடிக்க முடியாது என்று லாஸ் வெளிப்படையாகவே பேசி வந்தார். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் பாரிஸ் 2022-ல் மூன்று சுற்று முடித்தார். 2023-ல் நான்காவது சுற்றுக்குள் போனார், முடிக்கவில்லை. இரண்டு தடவை தோற்றவருக்கு மூன்றாவது தடவை பயம் குறையுமா, கூடுமா? காட்டில் என்ன காத்திருக்கிறது என்று முழுசாகத் தெரிந்திருக்குமே! 2024 மார்ச்சில், விடிவதற்கு முன்பே, ஓட்டம் தொடங்கியது. மூன்றாம் நாள் மாலை அவர் மஞ்சள் கேட்டைத் தொட்டு, அப்படியே தரையில் சரிந்தார். நேரம் 59 மணி 58 நிமிடம் 21 விநாடி. மிச்சம் 99 விநாடி. ஐந்து சுற்றையும் முடித்த முதல் பெண் அவர். அந்த வருடம் முடித்தவர்கள் மொத்தம் ஐந்து பேர், அதுவே சாதனை.

ஐந்து பேர் என்பது லாஸுக்கு அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாதை இன்னும் கடினமானது. 2025-ல் ஐந்து சுற்றையும் ஒருவர்கூட முடிக்கவில்லை.