கிளிஃபோர்ட் பிரவுன்

கிளிஃபோர்ட் பிரவுன் (30 அக்டோபர் 1930 – 26 ஜூன் 1956) அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர், இசையமைப்பாளர். உடன் வாசித்தவர்கள் அவரை ‘பிரௌனி’ என்றே அழைத்தார்கள். அவருடைய முதல் இசைத்தட்டுப் பதிவு 1952 மார்ச்சில் நடந்தது. 25 வயதில் சாலை விபத்தில் இறந்துபோனார். ஆக, பதிவில் நமக்குக் கிடைத்திருப்பது நாலேகால் ஆண்டு வாசிப்பு மட்டும்தான். லீ மார்கன், ஃப்ரெடி ஹப்பர்ட், புக்கர் லிட்டில், வூடி ஷா என்று அடுத்த தலைமுறையில் பேர் வாங்கிய டிரம்பெட் கலைஞர்கள் அத்தனை பேரும் அந்த நாலேகால் ஆண்டிலிருந்து கற்றுக்கொண்டவர்கள்.

வில்மிங்டன்

டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை தொழில்முறைக் கலைஞர் அல்லர். ஆனால் வாத்தியங்கள் என்றால் உயிர். வீட்டில் பளபளவென்று ஒரு டிரம்பெட் இருந்தது. சிறுவனின் கண் அதன் மேலேயே இருந்தது. பத்து வயதில் பள்ளியில் ஊதத் தொடங்கினார். 13 வயதானபோது தந்தை அவருக்கென்றே ஒரு டிரம்பெட் வாங்கிக் கொடுத்து, ராபர்ட் லோரி என்ற ஆசிரியரிடம் சேர்த்துவிட்டார்.

‘பாய்ஸி’ என்று ஊரார் அழைத்த இந்த லோரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊதக் கற்றுக்கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. ஒரு பாட்டின் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளை முதலில் காதில் பிடிக்க வேண்டும், பிறகுதான் அதன் மேல் சொந்தமாகக் கற்பனை செய்ய வேண்டும் என்பது அவருடைய பாடமுறை. பிரவுன் பியானோ, வைப்ரபோன், பேஸ் ஆகியவற்றையும் அவரிடம் பழகினார். ஹவர்ட் உயர்நிலைப் பள்ளியில் பாண்டு வாத்திய ஆசிரியராக இருந்த ஹாரி ஆண்ட்ரூஸ், ஊதுவாயை உதட்டின் மேல் அழுத்தாமல் மூச்சின் பலத்தில் மேல் சுரங்களை எட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். டிரம்பெட் வாசிப்பவர்களின் உதடு சீக்கிரம் களைத்துப்போகும், புண்ணாகும். பிரவுன் இரவு முழுக்க வாசித்தும் சுரம் மங்காமல் இருந்ததற்கு இந்தப் பயிற்சி பெரிய காரணம்.

ஹவர்ட் பள்ளி கறுப்பின மாணவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளி. நிறத்தைக் காட்டிப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தபோது, அதில் சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று இந்தப் பள்ளியைத் தொட்டு எழுந்ததுதான். அந்தப் பிரிவினைக்குள் இருந்துகொண்டுதான் லோரியும் ஆண்ட்ரூஸும் இவ்வளவு செம்மையாகக் கற்பித்தார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் டெலாவேர் அரசுக் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். அங்கே இசைத் துறையே கிடையாது. சிறிது காலத்தில் மேரிலாந்து அரசுக் கல்லூரிக்கு மாறினார். வார இறுதிகளில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிவிடுவார். வில்மிங்டனிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். அங்கே ஜே. ஜே. ஜான்சன், மாக்ஸ் ரோச் போன்ற பெரியவர்களோடு மேடையேறும் வாய்ப்புக் கிடைத்தது. எல்லோரையும்விட அவரை ஈர்த்தவர் ஃபாட்ஸ் நவாரோ. பீபாப் என்ற ஜாஸ் பாணியின் தலைசிறந்த டிரம்பெட் கலைஞர்களில் ஒருவர் அவர். தடித்த, கனிந்த நாதம். பிரவுனிடம் உள்ளதைக் கண்டுகொண்டு தட்டிக்கொடுத்தார். 1950 ஜூலையில் காசநோயும் ஹெராயினும் சேர்ந்து நவாரோவைக் கொண்டுபோயின. அவருக்கு வயது 26.

நவாரோ இறப்பதற்கு ஒரு மாதம் முன்புதான், 1950 ஜூனில், ஒரு நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது பிரவுன் வந்த கார் விபத்துக்குள்ளாகி அவர் படுகாயம் அடைந்தார். ஏறத்தாழ ஒரு வருடம் மருத்துவமனையில் கழிந்தது. டிரம்பெட்டைத் தொட முடியாத மாதங்களில் பியானோவில் சாதகம் செய்தார். பீபாப் இசையை உருவாக்கியவர்களில் ஒருவரான டிஸி கில்லெஸ்பி நேரில் வந்து பார்த்து, வாசிப்பை விட்டுவிடக் கூடாது என்று தைரியம் சொல்லிப் போனார். ஜாஸின் முதல் வரிசையில் இருந்த ஒருவர், இன்னும் ஒரு இசைத்தட்டில்கூட வாசித்திராத இருபது வயதுப் பையனின் கட்டிலருகே வந்து நின்றார். அந்த நாள் ஜாஸ் உலகின் உறவுமுறை அப்படி.

1953

1952 மார்ச்சில், கிரிஸ் பவல் என்பவரின் ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுவில் வாசித்தபோது முதன்முதலாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டு எல்லாக் கதவுகளும் ஒரேயடியாகத் திறந்தன. ஜூனில் மட்டும் லூ டொனால்ட்சன், டாட் டாமரன், ஜே. ஜே. ஜான்சன் ஆகியோரோடு மூன்று பதிவுகள். ஆகஸ்டில் புளூ நோட் நிறுவனத்துக்குத் தன் பெயரிலேயே ஒன்று. அந்தக் கோடையில் அட்லாண்டிக் சிட்டியில் டாமரன் குழுவில் வாசித்தபோது பக்கத்தில் சாக்ஸபோன் ஊதிய பென்னி கால்ஸனின் பெயர் இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் மறுபடி வரும்.

செப்டம்பரில் லயனல் ஹாம்ப்டனின் பெருங்குழுவோடு ஐரோப்பா புறப்பட்டார். குழுவில் இருப்பவர்கள் வெளியே தனியாக ஒலிப்பதிவு செய்யக் கூடாது என்பது ஹாம்ப்டன் போட்ட கட்டளை. இளைஞர்கள் கேட்கவில்லை. கச்சேரி முடிந்து எல்லோரும் படுத்த பிறகு விடுதியிலிருந்து நழுவி, ஸ்டாக்ஹோமிலும் பாரிஸிலும் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்துவிட்டு வந்தார்கள். குவின்சி ஜோன்ஸ், ஆர்ட் ஃபார்மர், ஜிஜி கிரைஸ் என்று பின்னாளில் புகழ்பெற்ற பலர் இந்த நள்ளிரவுத் திருட்டில் கூட்டாளிகள். வேலை போனாலும் போகட்டும் என்று அவர்கள் துணிந்ததால்தான் பிரவுனின் 22, 23 வயது வாசிப்பு இத்தனை தாராளமாக நம் கைக்கு வந்திருக்கிறது.

1954 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் அரங்கில் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் வாசித்தார். பியானோவில் ஹொரஸ் சில்வர். அன்றைய கச்சேரியை புளூ நோட் அப்படியே பதிவு செய்து வெளியிட்டது. ப்ளூஸும் தேவாலயப் பாட்டின் சாயலும் கலந்த ‘ஹார்ட் பாப்’ பாணி பிறந்த இடங்களில் ஒன்றாக அந்த இரவைச் சொல்வார்கள்.

ரோச்சுடன்

அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் இருந்த மாக்ஸ் ரோச், சேர்ந்து ஒரு குழு அமைக்கலாம் என்று பிரவுனை அழைத்தார். ரோச், பீபாப்பை உருவாக்கிய இன்னொருவரான சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்கே டிரம்ஸ் வாசித்தவர்; அனுபவத்திலும் புகழிலும் பிரவுனைவிட எவ்வளவோ மூத்தவர். இருந்தும் குழுவின் பெயரில் இருவருக்கும் சம இடம் கொடுத்தார். டெனர் சாக்ஸபோனில் ஹரல்ட் லேண்ட், பியானோவில் ரிச்சி பவல், பேஸில் ஜார்ஜ் மாரோ. ரிச்சி, பியானோ மேதை பட் பவலின் தம்பி. எம்ஆர்சி நிறுவனத்துக்காக 1954-லும் 1955-லும் இந்த ஐவர் செய்த பதிவுகள் ஜாஸின் அழியாச் சொத்து.

பிரவுனின் திருமணமும் கலிஃபோர்னியாவில்தான். மணப்பெண் லாரூ ஆண்டர்சன் மேற்கத்தியச் செவ்வியல் இசை படித்த மாணவி. ஜாஸின் மேல் அவருக்கு முதலில் நல்ல அபிப்பிராயம் இல்லை. இருவரையும் அறிமுகப்படுத்தியவர் ரோச். 1954 ஜூன் 26, லாரூவின் பிறந்தநாள் அன்றே திருமணம் நடந்தது. பிரவுன் மனைவிக்கு வைத்த செல்லப்பெயர் ‘ஜாய் ஸ்பிரிங்’. அந்தப் பெயரில் அவர் இயற்றிய உருப்படியை இன்றைக்கும் உலகெங்கும் ஜாஸ் மாணவர்கள் பாடமாகக் கற்கிறார்கள். 32 ஆவர்த்தங்கள் கொண்டது. முதல் எட்டில் வரும் மெட்டை, அடுத்த எட்டில் ஆதார சுருதியையே அரைச்சுரம் ஏற்றி அப்படியே திரும்பச் சொல்வார். மூன்றாம் பகுதி இன்னும் அரைச்சுரம் மேலே தொடங்கும். பிறகு பல சுருதிகளைத் தொட்டுவிட்டுச் சந்தடியில்லாமல் புறப்பட்ட இடத்தில் வந்து இறங்கும். வாசிப்பவருக்குப் பாடாய்ப்படுத்தும் வழி. கேட்பவருக்கு அந்தச் சிரமம் எதுவும் தெரியாது. வெயில் ஏறும் காலைபோல மனம் லேசாகிக்கொண்டே போகும். கணிதம் படித்தவரின் கையும் காதல்கொண்டவரின் மனமும் சேர்ந்து செய்த வேலை அது.

அவருடைய வாசிப்பின் நுட்பத்தைப் புரிந்துகொள்ள டிரம்பெட்டின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் விரலுக்கு இருப்பவை மூன்றே விசைகள். ஒரே விரல் அமைப்பில் பல சுரங்கள் ஒளிந்திருக்கும். எது ஒலிக்க வேண்டும் என்பதை உதட்டின் இறுக்கமும் மூச்சும் தீர்மானிக்கும். சுரங்கள் தனித்தனியாகத் தெளிவாக ஒலிக்க, ஒவ்வொன்றையும் நாக்கால் தட்டித் தொடங்க வேண்டும். ஆகையால் வேகம் கூடும்போது பெரும்பாலோர் சில சுரங்களை விழுங்கிவிடுவார்கள், நாதம் மெலிந்து கீச்சிடும். பிரவுனிடம் அது நடக்காது. 1955 பிப்ரவரியில் பதிவான ‘ஸ்டடி இன் பிரவுன்’ தட்டில் ‘செரோக்கீ’ என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். மூச்சுமுட்டும் வேகம், நடுப்பகுதியில் சில ஆவர்த்தங்களுக்கு ஒருமுறை சுருதி வேறு மாறிக்கொண்டே இருக்கும். அதற்குள்ளும் ஒவ்வொரு சுரமும் முத்துப்போல உருண்டு தனித்தனியாக விழுகிறது. நீண்ட வாக்கியங்களாகப் பேசுகிறார். எங்கே மூச்சு வாங்கினார் என்று தேட வேண்டியிருக்கும். அதே தட்டில் ‘சாண்டு’ என்ற அவருடைய ப்ளூஸ் உருப்படி நிதான நடையில் போகும். அவசரமே இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல வாசித்திருப்பார். அதிகம் கேட்க நேரம் இல்லை என்றால், அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது போதும்.

பாடகிகளோடும் அருமையாக வாசித்தார். 1954 டிசம்பரில் சாரா வானோடு ஒரு தட்டு, ஹெலன் மெரிலோடு ஒன்று. அடுத்த மாதம் நீல் ஹெஃப்டி அமைத்த வயலின் கூட்டத்தின் நடுவே நின்று மெல்லிய காதல் பாட்டுகளை வாசித்தார். கற்பனைக்கு இடம் குறைவு என்று இந்தத் தட்டைச் சிலர் ஒதுக்குவதுண்டு. மெட்டை மாற்றாமல், நாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை நிற்க வைப்பது எளிதான காரியம் அல்ல.

1955-ன் இறுதியில் லேண்ட் விலகினார். அவருடைய இடத்தில் சாக்ஸபோன் வாசிக்க சானி ராலின்ஸ் வந்து சேர்ந்தார். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டு, வேலைக்குத் திரும்பலாமா என்று ராலின்ஸ் தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சார்லி பார்க்கர் அந்த ஆண்டு மார்ச்சில் 34 வயதில் இறந்திருந்தார். பார்க்கர்போல வாசிக்க வேண்டுமானால் பார்க்கர்போலவே போதையிலும் விழ வேண்டும் என்று ஒரு தலைமுறை இளைஞர்கள் நம்பிக் கெட்டார்கள். பிரவுனுக்குக் குடியில்லை, போதையில்லை. ஓய்வு கிடைத்தால் சதுரங்கம் ஆடுவார், கணக்குப் போடுவார், மீதி நேரமெல்லாம் சாதகம். யாரையும் உட்கார வைத்து உபதேசித்தவரும் இல்லை. ஒழுங்கான வாழ்க்கை வாழ்ந்துகொண்டே உயர்ந்த ஜாஸ் வாசிக்க முடியும் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக ராலின்ஸ் பின்னாளில் நன்றியோடு பலமுறை சொல்லியிருக்கிறார். ராலின்ஸின் நீண்ட இசை வாழ்வில் பிரவுனுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். 1956 மார்ச்சில் ராலின்ஸ் தன் பெயரில் பதிவு செய்த தட்டில் இதே குழுதான் வாசித்தது. பிரவுன் கடைசியாக ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த நாட்களில் ஒன்று அது.

பென்சில்வேனியா நெடுஞ்சாலை

1956 ஜூன் 25 இரவு, பிரவுனும் ரிச்சி பவலும் ரிச்சியின் மனைவி நான்சியும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சிகாகோவுக்குக் காரில் புறப்பட்டார்கள். குழுவின் அடுத்த நிகழ்ச்சி சிகாகோவில். நல்ல மழை. நான்சி வண்டி ஓட்டினார். நள்ளிரவு தாண்டி, பெட்ஃபோர்டுக்கு அருகே நெடுஞ்சாலையில் கார் வழுக்கிச் சாலையை விட்டுப் பாய்ந்தது. மூவரும் இறந்தார்கள். ஜூன் 26. லாரூவின் பிறந்தநாள், இரண்டாவது திருமண நாள். மகன் கைக்குழந்தை.

ரோச் இந்த அடியிலிருந்து எழுந்துவர நெடுங்காலம் பிடித்தது. துக்கமும் குடியும் அவரை வாட்டின. பென்னி கால்ஸன் அப்போது கில்லெஸ்பியின் குழுவில் இருந்தார். ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் நிகழ்ச்சிக்கு நடுவே செய்தி வந்தது. பின்னர் அவர் இயற்றிய ‘ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்’ என்ற அஞ்சலி உருப்படி 1957-ல் பல தட்டுகளில் வெளிவந்தது. அவற்றில் லீ மார்கன் வாசித்ததும் ஒன்று. மார்கனுக்கு அப்போது 18 வயது. டிரம்பெட் கையில் எடுத்த ஒவ்வொருவரும் ஒருநாள் அந்த மெட்டுக்கு வந்து சேர்கிறார்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் ‘மியூசிக் சிட்டி’ என்ற வாத்தியக் கடையில் நடந்த ஒரு ஜாஸ் கூடுகையின் ஒலிநாடா 1973-ல் வெளிவந்தது. விபத்துக்குச் சில மணிநேரம் முன்பு பதிவானது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. கண்ணீரோடு கேட்டவர்கள் ஏராளம். பிரவுனின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து எழுதிய நிக் கட்டலானோ, அது முந்தைய ஆண்டு, 1955 மே 31 அன்று நடந்தது என்று காட்டினார். தேதி மாறியும் வாசிப்பின் கனல் குறையவில்லை. அவர் வாசிப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பதோ ஒரே ஒரு படச்சுருள்: டெட்ராய்ட் தொலைக்காட்சியில் நகைச்சுவைக் கலைஞர் சூப்பி சேல்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுகள் வாசித்தது. பல பத்தாண்டுகள் கழித்தே அது வெளியே வந்தது.

வில்மிங்டனில் ஆண்டுதோறும் அவர் பெயரில் ஜாஸ் விழா நடக்கிறது. லாரூ 2005-ல் மறையும்வரை, கணவர் நினைவாக நிறுவிய அறக்கட்டளையின் வழியே இளம் மாணவர்களுக்காக உழைத்தார். மகன் வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சிகள் நடத்துபவர். பேரன், கிளிஃபோர்ட் பிரவுன் என்ற பெயரைத் தாங்கும் மூன்றாமவர், டிரம்பெட் வாசிக்கிறார்.