மயிலும் மூஷிகமும்: இரு வாகனங்களின் வரலாறு

பாயான் லெப்பாஸ், பறவையின் பெயரைத் தாங்கிய ஊராகும். மலாய் மொழியில் ‘பாயான்’ கிளியையும் ‘லெப்பாஸ்’ விடுபட்டதையும் குறிக்கும். ஆயினும் இவ்வூர்ச் சைவ அன்பர்கள் வழிபாட்டில் நாளும் காண்பவை வேறு இரண்டு: தம்பியைச் சுமக்கும் மயிலும், அண்ணனைச் சுமக்கும் எலியும்.

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின்படி, இவ்விரண்டும் முன்னர்ப் பகையாய் நின்றவை. சூரபதுமன் மயிலும் சேவலுமானான், கயமுகாசுரன் பெருச்சாளியானான். பகையை அழித்தொழியாது, அடக்கி ஆட்கொள்வதே இறையருள் என்பது இக்கதைகளின் உட்பொருள்.

வரலாற்றில் மயிலே மூத்தது. திருமுருகாற்றுப்படை முருகனை மயிலோடு சேர்த்துப் போற்றுகிறது. 5ஆம் நூற்றாண்டில் வடநாட்டை ஆண்ட முதலாம் குமாரகுப்தனின் பொற்காசுகளில் கார்த்திகேயன் மயில்மீது வீற்றிருக்கிறான். எலியோ பிந்தியே வந்தது. தொடக்ககால விநாயகர் சிற்பங்கள் பலவற்றில் அது இல்லை. 7ஆம் நூற்றாண்டளவில்தான் மத்திய, மேற்கு இந்தியச் சிற்பங்களில் அவர் காலடியில் இடம்பெறலாயிற்று. தமிழர் அதனை ‘மூஞ்சூறு’ என வழங்கினும், விலங்கியலார் மூஞ்சூறை எலியினத்தில் சேர்ப்பதில்லை. வடமொழி ‘மூஷிகம்’ எலியையே குறிக்கும்.

இயற்கையிலும் இரண்டும் இரு துருவங்கள். மயில் ஆண்டுக்கொரு பருவத்தில் சில முட்டைகளே இட்டு, ஏறத்தாழ 4 வாரம் அடைகாக்கும். எலியோ 3 வாரங்களில் பல குட்டிகளை ஈனும். ஆண்டில் பன்முறை ஈனும். மயிலுக்குக் காடு வேண்டும். எலிக்கு மனிதனின் களஞ்சியமே போதும். கப்பலேறி அது உலகெங்கும் பரவியது.

இதன் விளைவை இம்மண்ணே காட்டுகிறது. இந்திய நீலமயிலுக்கு உறவான பச்சைமயில் ஒருகாலத்தில் மலாயாக் காடுகளில் வாழ்ந்தது. 1894இல் நகரத்தார் பினாங்கிற்கு வெள்ளி இரதம் தருவித்த நாளிலும் அது இங்கு இருந்தது. காடழிப்பாலும் வேட்டையாலும் 1960களோடு தீபகற்பத்தினின்று மறைந்தது. இந்தியாவோ 1963இல் நீலமயிலைத் தேசியப் பறவையாக்கிக் காத்தது. எலிக்கு எவரும் காவல் செய்திலர். அது இன்றும் பெருகுகிறது.

அழகு காவாவிடின் அழியும். ஆசை அடக்காவிடின் பெருகும். தைப்பூசத்தில் மயில் இறகு சூடிய காவடிகளைக் காணும் அடியார்கள், அவ்விறகிற்குரிய இனமொன்று இந்நிலத்தில் இல்லாமற்போனதை நினைவிற்கொள்ளல் வேண்டும். வாகனத்தை வணங்குவோர் அதன் உயிரையும் பேணுதல் கடமையாகும்.