அயர்லாந்தின் நோய் தீர்க்கும் புனிதக் கிணறுகள்

அயர்லாந்தில் புனிதக் கிணறு எனப்படுவது பெரும்பாலும் தோண்டிய கிணறு அன்று, இயற்கையான நீரூற்று. நாடெங்கும் இத்தகையவை சுமார் 3,000 இருப்பதாகக் கணக்கிடுகின்றனர். பல ஊற்றுகள் ஒரு புனிதரின் பெயரைத் தாங்கியுள்ளன. பல்வலிக்கு ஒன்று, முதுகுவலிக்கு ஒன்று என நோய்க்கேற்ற ஊற்றுகள் உண்டு. கண்நோய்க்கானவையே மிகுதி.

நோயாளியோ அவருக்காக வேறொருவரோ செபம் சொல்லியபடி வெறுங்காலுடன் ஊற்றை வலமாகச் சுற்றுவர். கணக்குத் தவறாதிருக்க ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூழாங்கல் போடுவர். பின்னர் நீரைப் பருகி, நோயுள்ள இடத்தில் தடவி, அருகிலுள்ள மரத்தில் தம் துணியின் கிழிசல் ஒன்றைக் கட்டுவர். துணி இற்றுப்போகப் போக நோயும் தேயும் என்பது நம்பிக்கை. அதை அவிழ்ப்பவரை அந்நோய் பற்றும் என்பதால் யாரும் தொடுவதில்லை. நீரில் மீன் தென்பட்டால் வேண்டுதல் பலிக்கும். அந்நீரை எவ்வளவு காய்ச்சினாலும் கொதிக்காது. அங்கே அழுக்குத் துணி துவைத்தால் ஊற்று கோபித்துக்கொண்டு வேறிடம் போய்விடும்! (இந்தக் கடைசி நம்பிக்கை ஊரின் நன்னீரைக் காத்திருக்கும் என்றே தோன்றுகிறது.)

கத்தோலிக்கரை ஒடுக்க 1704இல் அயர்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கிணறுகளில் கூடுவதைக் கலகம் என்றது. அபராதம் 10 ஷில்லிங்; கட்டாதவருக்குப் பொதுவிடத்தில் கசையடி. ஆயினும் வழக்கம் அழியவில்லை. வழிபாட்டுக்குக் கோயிலோ குருவோ தேவைப்படாததே அதற்கு முக்கியக் காரணம் எனலாம். ஊற்றும் கூழாங்கல்லும் போதும். அரசு மட்டுமன்றி, 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆயர்களும் கிணற்றுத் திருவிழாக்களை எதிர்த்தனர். அங்கு நடந்த குடியும் கோஷ்டிச் சண்டையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இந்நம்பிக்கைகளில் பலவற்றை நாம் அறிவது பள்ளிப் பிள்ளைகளால். 1937 முதல் நடந்த நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகள் பங்கேற்றன. கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்தனர். புனிதக் கிணறுகளும் ஒரு தலைப்பு. ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் தோன்றுவது அரிது. அந்த ஏடுகள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

கிளேர் மாவட்டத்தில், மோஹர் செங்குத்துப் பாறைகளுக்கு அருகே லிஸ்கானரில் புனித பிரிஜித் கிணறு உள்ளது. முன்பு ஆரன் தீவுகளிலிருந்து மக்கள் படகேறி இங்கு வருவர். பிரிஜித் திருநாள் பிப்ரவரி 1. ஆனால் இங்கு பெருங்கூட்டம் கூடியது ஜூலைக் கடைசி ஞாயிறன்று. ஊற்றுக்குச் செல்லும் ஈரமான கல்வழியின் சுவர்களில் இன்றும் செபமாலைகளும், இறந்தோரின் நினைவு அட்டைகளும், நோயுற்றோரின் புகைப்படங்களும் நெருக்கமாக வைக்கப்பட்டுள்ளன.