தூய நொதி என்பது எது? டாக் பாலிமரேஸை முன்வைத்து ஒரு வாதம்

ஆய்வகத்தில் தயாரித்த நொதி தூயது என்பதற்கு எஸ்.டி.எஸ். ஜெல்லில் தெரியும் ஒற்றைப் பட்டையைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அந்தப் பட்டை புரதத் தூய்மையை மட்டுமே சொல்கிறது. நொதி எந்தச் சோதனைக்குப் போகிறது, அந்தச் சோதனையைக் குலைக்கும் மாசு எது என்ற இரண்டையும் கேட்காமல் தூய்மையை மதிப்பிட முடியாது. டாக் பாலிமரேஸின் தயாரிப்பு முறையே இதற்குச் சான்று.

யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியத்தைத் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969இல் விவரித்தனர். டாக் எனப்படும் அதன் டி.என்.ஏ. பாலிமரேஸ் 1976இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1988இல் அது பி.சி.ஆர். வினையில் இடம்பெற்றது; மறு ஆண்டே அதன் மரபணு ஈ.கோலையில் படியாக்கம் செய்யப்பட்டதை ஓர் ஆய்வு அறிவித்தது. 832 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் 75 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் குலையாது. ஈ.கோலையின் புரதங்களில் பெரும்பாலானவை அந்த வெப்பத்தில் திரிந்துவிடும்.

தயாரிப்பை எளிதாக்குவது இந்த வேறுபாடுதான். ப்ளூதெரோ என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட முறையில் செல்களை லைசோசைம் கொண்டு உடைத்து, கரைசலை 75 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். தெளிந்திருந்த சாறு பால்போல் வெளுத்துத் திரிகிறது. மையவிலக்கில் சுழற்றினால் திரிந்தது அடியில் தங்க, நொதி மேல்நீரில் நிற்கிறது. பிறகு அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படிவாக்கி, டயாலிசிஸ் செய்து, கிளிசரால் சேர்த்துச் சேமிக்கிறார்கள். நிரல் குரோமட்டோகிராஃபி தேவைப்படுவதில்லை. ஜெல்லில் பார்த்தால் நொதியின் பட்டையே ஓங்கித் தெரியும்.

ஆனால் வெப்பம் ஈ.கோலையின் டி.என்.ஏ.வைத் திரிய வைப்பதில்லை. அதைச் சிதைத்திருக்கக்கூடிய நியூக்ளியேஸ்களில் பெரும்பாலானவற்றை மட்டும் அழித்துவிடுகிறது. எனவே புரதத்தைத் தூய்மையாக்கும் படியே டி.என்.ஏ. மாசைக் காப்பாற்றவும் செய்கிறது. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்வது பாலிமரேஸின் தொழில் என்பதால் இரண்டையும் பிரிப்பதும் எளிதல்ல. விற்பனைக்கு வந்த டாக் நொதியிலேயே பாக்டீரிய டி.என்.ஏ. கலந்திருப்பது 1990இல் அறிவிக்கப்பட்டது.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஈ.கோலை மரபணுத்தொகை ஒன்றின் எடை சுமார் 5 ஃபெம்டோகிராம். பாக்டீரியங்களைத் தேடும் ஆய்வுகளில் இலக்காகும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு அதில் ஏழு பிரதிகளாக இருக்கிறது. வினைக்குழாயில் ஒரு பிக்கோகிராம் டி.என்.ஏ. சேர்ந்தால் அது 200 மரபணுத்தொகைகளுக்குச் சமம். 1,400 வார்ப்புருக்கள் தயாராக இருக்கும். புரதத்தைச் சாயமேற்றும் கூமாசி ஜெல்லில் இதில் எதுவும் தென்படாது.

அப்படியானால் இந்தத் தயாரிப்பே பயனற்றதா? இல்லை. மனித மரபணுவையோ வைரஸையோ தேடும் வினையில் ஈ.கோலையின் டி.என்.ஏ. பிரைமருக்கு இலக்காவதில்லை. குளோன்களைச் சரிபார்க்கவும் இது போதும். மாறாக, மண்ணிலோ குருதியிலோ உள்ள அரிய பாக்டீரியங்களை 16எஸ் மூலம் தேடும் ஆய்வில் இதே குப்பி பொய்யான நேர்முடிவைத் தரும். எல்லாத் தயாரிப்புக்கும் உச்சத் தூய்மையைக் கோருவதும் சரியல்ல. உப்புச்செறிவு மிக்க கரைசலில் பாலிஎத்திலீன்இமின் சேர்த்து டி.என்.ஏ.வை வீழ்த்துவது, பிறகு நிரலில் செலுத்துவது என ஒவ்வொரு கூடுதல் படியிலும் நொதி கொஞ்சம் கொஞ்சமாக இழக்கப்படுகிறது.

கையாளும் விதமும் இந்தக் கணக்கில் சேரும். 50 விழுக்காடு கிளிசராலில் இருக்கும் நொதி மைனஸ் 20 டிகிரியில் உறையாது. ஆனால் கெட்டியாக இருக்கும். பிப்பெட் முனையை ஆழமாக அமிழ்த்தினால் அதன் வெளிச்சுவரிலும் திரவம் ஒட்டிக்கொண்டு வரும். குறித்த அளவைவிட மிகுதியாக நொதி சேரும்போது அதனுடன் வரும் டி.என்.ஏ.வும் அதே விகிதத்தில் கூடும். முனையைத் திரவத்தின் மேற்பரப்பில் மட்டும் தொட்டு மெல்ல உறிஞ்ச வேண்டும். வினைக்கலவையில் கிளிசரால் அடியில் அமிழும் என்பதால் பிப்பெட்டால் மெதுவாக ஏற்றியிறக்கிக் கலக்கவும் வேண்டும்.

ஆகவே ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஜெல் படம் மட்டும் போதாது. நொதியின் செயல்திறன் அலகையும், ஒவ்வொரு தொகுதிக்கும் வார்ப்புரு சேர்க்காத கட்டுப்பாட்டு வினையின் முடிவையும் தர வேண்டும். அந்த வினையை ஆய்வில் பயன்படுத்தும் அதே பிரைமரோடும், அதே நொதி அளவோடும், அதே சுழற்சி எண்ணிக்கையோடும் நடத்த வேண்டும். 25 சுழற்சியில் வெறுமையாக இருந்த குழாயை வைத்து, 35 சுழற்சி ஓட்டிய ஆய்வின் முடிவை நம்பச் சொல்ல முடியாது.